கவிக்கு, லேப்டாப் விஷயமாக

காரைக்குடி
14.9.2025

அன்புள்ள கவி,

உன் பிள்ளை முகிலுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று ஜூலையில் கேட்டாய். ரெண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். ரெண்டு மாதம் ஆகிவிட்டது. நீ மறுபடி ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. திட்டியிருந்தால் பரவாயில்லை. பச்சை வாளி விஷயத்தில் மூன்று மாதம் திட்டியவள்தானே நீ!

ஆடி பிறந்த நான்காம் நாள் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. மதுரையில் அறுவை சிகிச்சை, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கிறார், முகப்பிலிருந்து சமையற்கட்டு வரை. அதற்கு மேல் போனால் நான் கத்துகிறேன். உன்னை இன்னும் "சைக்கிள்காரப் பொண்ணு" என்றுதான் சொல்கிறார். உனக்குச் சொல்லாமல் விட்டதற்குக் கோபப்படாதே. அந்த நாட்களில் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் உன் கேள்விக்கான பதில் அந்த ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனி மாதத்தில் எடுத்த கல்யாண வீடியோக்களையெல்லாம் எடிட் செய்து கொடுக்கிற மாதம் அது. கையில் நான்கு கல்யாணம் பாக்கி, நான்கு வீட்டுக்காரர்களும் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அதனால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். நீ பார்த்திருக்கிறாய், அந்தக் கறுப்பு மலை. அடாப்டரோடு சேர்த்து மூன்று கிலோவைத் தாண்டும். அடாப்டர் மட்டும் 230 வாட், செங்கல் மாதிரி. இதோடு ரெண்டு ஹார்ட் டிஸ்க், அப்பாவின் எக்ஸ்ரே உறை, ஃபிளாஸ்க், மாற்றுத்துணி. மாட்டுத்தாவணியில் இறங்கும்போதே வலது தோள் விண்ணென்று தெறிக்கும்.

ரெண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் மேலூர்க்காரப் பெரியவர் ஒருவர், அவருக்குத் துணையாக அவர் மருமகள். மூன்றாவது நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து ரெண்டர் போட்டேன், வெட்டிச் சேர்த்த துண்டுகளை ஒரே வீடியோவாக மாற்றுகிற வேலை. ரெண்டு நிமிடத்தில் லேப்டாப்பின் ஃபேன் வேகம் பிடித்துக்கொண்டது. வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. அந்த அறையில் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேலூர்ப் பெண் ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். நான் லேப்டாப்பின் கீழே துண்டை மடித்து வைத்துப் பார்த்தேன். காற்றுப் போகிற வழி அடைபட்டு இன்னும் அதிகமாக இரைந்தது. அப்போது அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார், "அதை அணைச்சிரும்மா. அந்தச் சத்தத்துல நீ பக்கத்துல இருக்கியான்னே தெரியல."

அணைத்துவிட்டேன், கவி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து வராந்தாவில் தண்ணீர் ஃபில்டர் பக்கத்து பிளக்கில் சொருகி, பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் வைத்து வேலை. தொடை பொசுங்கும். அப்பா கூப்பிட்டால் கேட்காது. நான் போனதே அவர் பக்கத்தில் இருக்கத்தான். வேலையும் நடக்க வேண்டும், அவர் பக்கத்திலும் இருக்க வேண்டும். அந்த மெஷின் இரண்டில் ஒன்றைத்தான் கொடுத்தது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பழகியிருப்பேன். ஆவணியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். வீட்டுக் கல்யாணம்தான், மண்டபம் இல்லை. காலையில் முகூர்த்தம், மாலையில் வரவேற்பு. காலையில் எடுத்ததை மாலைக்குள் ஐந்து நிமிடப் படமாக வெட்டி எல்.இ.டி. திரையில் போட வேண்டும். வீட்டின் ரெண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு மூலையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். நாலு மணிக்கு வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் வரும், ஆனால் என் பக்கத்து லைனில் வரவில்லை. ஆள் தேடி, ஒயர் இழுத்து, முக்கால் மணி நேரம் பேட்டரியில் ஓட்ட வேண்டியதாயிற்று.

பிளக்கில் இருக்கும்போது பாய்கிற மெஷின், பேட்டரிக்கு வந்ததும் நடை பிணமாகிவிடுகிறது. தாலி கட்டும் ஷாட் தத்தித் தத்தி நகர்கிறது. நாதஸ்வரம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். இது என் லேப்டாப்பின் கோளாறு மட்டும் இல்லை. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோக 100 வாட்-மணி வரைக்கும்தான் பேட்டரி இருக்கலாம். அதனால் எத்தனை பெரிய லேப்டாப் செய்தாலும் அந்த எல்லைக்குள் நின்றுவிடுகிறார்கள். முழு வேகத்தில் 150, 200 வாட் குடிக்கிற மெஷினுக்கு அது அரை மணி நேரத் தீனி. போதாததற்கு அவ்வளவு வேகமாகப் பேட்டரியிலிருந்து உறிஞ்சவும் முடியாது. அதனால் மெஷினே கிராபிக்ஸைக் கட்டிப்போட்டுவிடும். பணம் கொடுத்து வாங்கிய பவர் எல்லாம் சுவரோடு கட்டப்பட்ட பவர், கவி. படம் இருபது நிமிடம் தாமதமாக ஓடியது. பெண்ணின் ஆச்சி மட்டும் முன்வரிசை நாற்காலியை விட்டு எழாமல் காத்திருந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே மதுரைக்குப் போய் ரெண்டு மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைப் பையன்கள் எத்தனை கோர், எத்தனை ஜி.பி. என்று ஒப்பிக்கிறார்கள். என் படம் இதில் ஓடுமா என்று கேட்டால் பதில் இல்லை. நான் என் டிஸ்க்கையே கையோடு கொண்டுபோயிருந்தேன். கானாடுகாத்தான் படம், மூன்று கேமரா. ஒரு கடையில் மட்டும் சொருகிப் பார்க்க விட்டார்கள்.

நான் இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தது இங்கேதான். என் லேப்டாப்பில் ஆர்.டி.எக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, ரைசன் பிராசஸர் இருக்கிறது, பவருக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் சோனி கேமரா எடுக்கிற 4:2:2 பத்து பிட் எச்.இ.வி.சி. படத்தை (நிற விவரத்தை அதிகமாக வைத்து, கோப்பைச் சுருக்கிப் பதிகிற முறை) பிரித்துக் காட்டுகிற தனி உறுப்பு அந்த ரெண்டிலுமே கிடையாது. பாவம், பிராசஸர் வெறும் கையால் அத்தனையையும் செய்கிறது. அதனால்தான் அந்த இரைச்சலும் சூடும். இன்டெல் சிப்களில் 11ஆம் தலைமுறையிலிருந்தே அந்த உறுப்பு உண்டு. ஆப்பிளின் எம் வரிசையில் உண்டு. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் 50 வரிசையில்தான் வந்தது. கடையில் மேக்புக் ஏர் எம்4இல் சொருகினேன். ஒன்றேகால் கிலோ, உள்ளே ஃபேனே கிடையாது. மூன்று கேமராவும் தடங்கல் இல்லாமல் ஓடின. அந்த ஆஸ்பத்திரி அறை நினைவுக்கு வந்து, குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டர் போட்டால் முதலில் வேகமாகத்தான் போகிறது. பத்து நிமிடம் தாண்டியதும் அடிப்பக்கம் நன்றாகச் சுடுகிறது, வேகம் குறைகிறது. ஃபேன் இல்லையென்றால் சூட்டை அப்படித்தான் சமாளிக்க முடியும். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை அதில் ரெண்டர் போட மாட்டேன். மெமரியைப் பின்னால் கூட்டவும் முடியாது, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை.

எடிட்டிங் செய்கிற லோகுவிடம் சொன்னேன். அவன் ஒரேயடியாக எதிர்ப்பு. 50 வரிசை கிராபிக்ஸ் போட்ட பெரிய மெஷினாக வாங்கு, 4:2:2 பிரச்சினையும் தீரும், ரெண்டரும் பறக்கும் என்கிறான். கணக்காகப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். ஆனால் "தொழில் பண்றவங்க வெயிட்டுக்கெல்லாம் பயப்படக் கூடாது" என்றான் பார், அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. அவன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எடிட் செய்கிறவன். அவன் பையை அவன் தூக்கி நான் பார்த்ததில்லை. டிரைவர் தூக்குவார், இல்லாவிட்டால் அசிஸ்டென்ட் பையன் தூக்குவான். நான் டவுன் பஸ்ஸில் ஏறுகிறவள். தோள் வலிக்குப் போன இடத்தில் டாக்டர், ஒரே தோளில் மாட்டுகிற பையை முதலில் விடு என்று சொல்லி அனுப்பினார். தோள் போனால் யார் கேமரா பிடிப்பது?

நான் யோசித்து வைத்திருப்பது இது. கறுப்பு மலையை விற்கப்போவதில்லை. அது வீட்டு மேசையை விட்டு இனி நகராது. ராத்திரி ரெண்டர் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம், எத்தனை இரைந்தாலும் இரையட்டும். வெளியே கொண்டுபோக 15 அங்குல ஏர், 24 ஜி.பி. மெமரியோடு, ஒன்றரைக் கிலோ. திரை கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் எனக்கு டைம்லைன், படத் துண்டுகளை அடுக்குகிற அந்தப் பட்டை, தெரியும். கேமராவிலேயே புராக்ஸியும், அதாவது அதே படத்தின் சிறிய நகலும், சேர்த்துப் பதிவாகும்படி வைத்துவிட்டேன். அசல் படம் நொடிக்கு 200 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 90 ஜி.பி. பிடிக்கும். அதே ஒரு மணி நேரம் 16 மெகாபிட் புராக்ஸியில் ஏழு ஜி.பி.யை ஒட்டித்தான். கல்யாண வீட்டிலும் அப்பா பக்கத்திலும் புராக்ஸியை வைத்து வெட்டுவேன். வீட்டுக்கு வந்து பெரிய மெஷினில் அசலோடு சேர்த்து ரெண்டர். டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துவிட்டால் மேக், விண்டோஸ் ரெண்டிலும் எழுதலாம். கேட்க எளிதாக இருக்கிறதா? இது தோன்ற எனக்கு ரெண்டு மாதமும் ஒரு தோளும் செலவாகியிருக்கிறது.

சரி, முகில் விஷயம். என் முடிவை அவனுக்குப் போட்டுவிடாதே. அவன் சேர்ந்திருப்பது பி.ஆர்க்., கட்டடக்கலை. அந்தப் படிப்புக்கு வேண்டிய மென்பொருள்கள் ரெவிட், லூமியான் ரெண்டும் விண்டோஸில்தான் ஓடும். லூமியானுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஆக அவன் கேட்கிற கேமிங் லேப்டாப் வெறும் விளையாட்டு ஆசை இல்லை, பிள்ளையைத் திட்டாதே. (கீபோர்டில் வண்ண விளக்கு எரிய வேண்டும் என்றானாமே, அதற்கு வேண்டுமானால் திட்டு.)

ஆனால் இப்போதே வாங்காதே. சாந்தியின் மகள் மூன்றாம் ஆண்டு பி.ஆர்க். படிக்கிறாள், அவளிடம் விசாரித்தேன். முதல் வருஷம் பெரும்பாலும் கையால் வரைவதுதான், டிராஃப்டிங் போர்டு, டி-ஸ்கொயர், மாடல் செய்கிற அட்டை, பசை. லேப்டாப் பாதி நாள் ஹாஸ்டல் அலமாரியில் தூங்குமாம். மூன்றாவது செமஸ்டரில்தான் உண்மையில் தேவைப்பட்டது என்றாள். இன்று வாங்கினால் ஐந்தாம் ஆண்டு தீசிஸ் சமயத்தில், மெஷின் நன்றாக ஓட வேண்டிய நேரத்தில், அது கிழடாகியிருக்கும். ஒரு வருஷம் தள்ளி வாங்கு. அதுவரை உன் வீட்டுப் பழைய லேப்டாப்பே போதும்.

வாங்கும்போது கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதே. 4060 என்று ஒரே பெயரில் விற்பார்கள், ஒன்றுக்கு 35 வாட் கொடுத்திருப்பார்கள், இன்னொன்றுக்கு 115 வாட். ரெண்டும் ஒன்றில்லை. எத்தனை வாட் என்று எழுதிக் கேள். மெமரி 16 ஜி.பி.யில் ஆரம்பித்து, பின்னால் கூட்ட இடம் இருக்கிற மாடலாகப் பார். ஹாஸ்டலிலிருந்து ஸ்டூடியோ எத்தனை தூரம், எத்தனை மாடி என்று அவனையே ஒரு வாரம் தினமும் மூன்று கிலோ அரிசியைப் பையில் போட்டு ஏறி இறங்கிப் பார்க்கச் சொல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான். முடியவில்லை என்றால் 14 அங்குலத்தில் ஒன்றரைக் கிலோ கனத்தில் கிராபிக்ஸ் கார்டு உள்ளவையும் இருக்கின்றன. விலை கூடுதல். அப்போது பட்ஜெட்டைப் பேசலாம். உன் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து வாங்கி வருகிறேன் என்றாராமே, வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று மாடல் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்.

நான் வியாழக்கிழமை மதுரை போகிறேன், அப்பாவுக்கு எக்ஸ்ரே. அப்படியே அந்தக் கடைக்கும் போவதாக இருக்கிறேன். ஒரு லட்சத்துக்கு மேல் போகிற விஷயம், கை நடுங்குகிறது. நீ கணக்கு டீச்சர். நான் யோசித்ததில் ஓட்டை இருந்தால் புதன்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கூப்பிடு, அப்பா தூங்கியிருப்பார், நான் முகப்பில் வந்து பேசுவேன். தீபாவளிக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது இருட்டுக்கடை வரிசையில் நின்று அப்பாவுக்குக் கால் கிலோ வாங்கி வா. சர்க்கரை அளவு நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் சாப்பிடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சைக்கிள்காரப் பொண்ணு கையால் கொடுத்தால் வாக்கரோடு வாசல் வரைக்கும் வருவார்.

அன்புடன்,
செல்வி