வியாழனும் ஞாயிறும் இனி எங்கள் முறை

அக்கா,

அடுத்த கீமோவிலிருந்து வியாழன், ஞாயிறு இரவுகளில் அத்தானுக்குத் துணையாக நீ படுக்கப் போவதில்லை. உன்னிடம் கேட்காமல் நாங்களே முடிவெடுத்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் "பார்த்துக்கலாம்" என்று தட்டிக் கழித்திருப்பாய்.

அன்றைக்கு வார்டு வராந்தாவில் ஒரு கையில் மருந்துச் சீட்டு, காதில் போன். கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் அதே ரிப்போர்ட்டை முதலிலிருந்து சொன்னாய். எல்லாரும் "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றார்கள். என்ன வேண்டும், யாரைக் கேட்கலாம், யார் முகம் சுளிப்பார்கள் என்று யோசிக்கிற வேலையும் உன் தலையில்தானே விழுகிறது! நீயோ எல்லாருக்கும் "ஒண்ணும் வேண்டாம்" என்றாய். அந்தப் பதில்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

இனிச் சேதி சொல்வது என் பொறுப்பு. வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போகும். எதுவரை சொல்லலாம் என்று அத்தான் தீர்மானிக்கட்டும். ஸ்கேன் பற்றி இங்கே எழுதமாட்டேன், நம் ஆட்களும் படிப்பார்கள்.

இரவுக்கு வருபவர்களுக்கு ஒரு தாள் எழுதியிருக்கிறேன்: மருந்து, வேளை, கடைசியாகக் கொடுத்த நேரம், ஆஸ்பத்திரியின் அவசர எண். பெரும்பாலும் கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களில்தான் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு மிகவும் இறங்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே போன். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் தரவே கூடாது. சூடு தணியும், தொற்று தணியாது. கீமோவுக்குப் பின் 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர் துடைக்கக் கையுறை கட்டாயம். சளி பிடித்தவர் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும், பாசத்தை போனில் காட்டினால் போதும்.

எல்லாரும் வரவும் வேண்டாம். முதல் மாதம் கூட்டம் கூடும், மூன்றாவது கீமோவுக்கு ஆள் இருக்காது. கடைசிவரை நிற்கிற நாலு பேர் போதும்.

அத்தானுக்கு உன்னைப்போல் யாரும் செய்ய முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ தூங்காத முகத்தோடு நிற்பதைப் பார்த்துத்தான் அவர் வலியைக் குறைத்துச் சொல்கிறார். பத்துக்கு எட்டு இருந்தால் நாலு என்பார். டாக்டரும் அந்த நாலுக்குத்தான் மருந்து எழுதுவார். எங்களை ஒதுக்குகிறாயே, அதில் அவருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்தாயா?

உன் பிரஷர் மாத்திரை தீர்ந்து கிடக்கிறது. வியாழன் பகலில் நீ போய் டாக்டரைப் பார், நான் அத்தானோடு இருக்கிறேன். வலிக்குத் தரும் மார்ஃபினோடு தினமும் கொடுக்கும் மலச்சிக்கல் மருந்தின் அளவை மட்டும் தாளில் நீயே எழுதிவிடு. ஆள் மாறும்போது முதலில் விட்டுப்போவது அதுதான்.