புல் முதலில் போகட்டும், ஹெலிகாப்டர் பிறகு பறக்கட்டும்

வட சிக்கிமின் கால்நடை, பேரிடர்ப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2018 டிசம்பரில் பனியில் சிக்கிய முகுதாங், யும்தாங் மந்தைகளில் சுமார் 300 யாக்குகள், அதாவது இமயமலைச் சடைமாடுகள், இறந்த செய்தி 2019 மே மாதம்தான் வெளியே வந்தது. நடந்ததை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. கேட்பது ஒன்றே: கணவாய் மூடுவதற்கு முன் உலர்தீவனம் மேலே போய்ச் சேர வேண்டும்.

அவற்றைக் கொன்றது குளிர் என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியையும் தாங்கும் விலங்கு அது. மெத்தென்ற பனி ஒரு சாண் கிடந்தாலும் மூக்காலும் குளம்பாலும் கிளறிப் புல்லை எடுத்துவிடும். பகல் வெயிலில் மேல்பனி இளகி, இரவில் ஓடாக இறுகும்போதுதான் வினை. அந்த ஓட்டின் விளிம்பு முகவாயையும் முன்னங்காலையும் கிழிக்கும். இரண்டு நாளில் மாடு கிளறுவதையே விட்டுவிடும். அசைபோடும் விலங்குக்குப் பெருவயிறுதான் அடுப்பு. உள்ளே நார் புளிக்கும் சூட்டில்தான் உடம்பு நிற்கிறது. நார் நின்றால் அடுப்பு அணைகிறது. ஓடை உறைந்துபோனதால் தாகத்துக்குப் பனியைத் தின்னும். அதை உருக்கவும் உடம்புச் சூடுதான் செலவு. கன்று ஈனும் பருவம் ஏப்ரலை ஒட்டி வருவதால் சினைமாடுகளுக்கு இது இரட்டைச் சுமை.

கணக்கும் கடினமில்லை. 250 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ உலர்தீவனம் வேண்டும். உயிரை மட்டும் பிடித்துவைக்க 3 கிலோ. 300 மாட்டுக்கு 60 நாள் என்றால் 54 டன். கடல் மட்டத்தில் 4 டன் தூக்கும் மி-17 ஹெலிகாப்டர், மலையுச்சியின் மெல்லிய காற்றில் அதில் ஒரு பங்கைத்தான் தூக்கும், அதுவும் வானம் தெளிந்தால். 2019-இல் தெளியவில்லை. சாலை திறந்திருக்கும்போது இதே 54 டன் லாரிக்குச் சில நடைதான். உதிரி வைக்கோல் இடத்தை அடைக்கும், ஆகவே அழுத்திய தீவனக் கட்டிகளாக அனுப்புங்கள். யாக்குக்கென்றே அருணாசலப் பிரதேசத்துத் திராங்கில் தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறதே, அவர்களைக் கேட்டால் தீராத ஐயமா இது?

தாமதமாகப் போகும் உதவியும் கொல்லும். பல நாள் பட்டினி கிடந்த மாட்டுக்கு இரக்கப்பட்டு அரிசியோ மக்காச்சோள மாவோ வாரி வைத்தால், பெருவயிற்றில் அமிலம் ஏறி மறுநாளே விழும். முதல் நாள் ஒரு கிலோ புல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முழு அளவுக்கு வர ஒரு வாரமாவது வேண்டும். மாடு நக்கித் தின்ன வைக்கும் யூரியா கலந்த கட்டியும் வெறும் வயிற்றுக்கு ஆகாது. இதை நிவாரணக் குழுவின் தாளில் முதல் வரியாக எழுதுங்கள்.

விதிப் புத்தகத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2022-26 காலத்துக்கான ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிகளின்படி முகாமில் பெரிய கால்நடைக்குத் தீவனச் செலவு நாளுக்கு 80 ரூபாய், 60 நாளுக்கு 4,800. கறவை யாக் செத்தால் 37,500, அதுவும் குடும்பத்துக்கு மூன்றுக்கு மட்டும். நான்காவது மாடு விதியைப் படித்துவிட்டுச் சாகாமல் இருக்க வேண்டும் போலும். பனிச்சரிவும் குளிரலையும் அந்த விதிகளின் பேரிடர்ப் பட்டியலில் உண்டு. புல்லை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும் பனி அதில் இல்லை. 1962-க்குப் பிறகு திபெத்துப் பக்கம் மந்தையை ஓட்டிப்போகும் வழியும் இங்கே யாக் மேய்க்கும் டோக்பா மக்களுக்கு அடைபட்டது. மேய்ப்பரின் பழைய காப்பீடு அதுதான். அதற்கு ஈடாக வைத்தது என்ன?

கோபத்தில் நீட்டிவிட்டோம், பொறுத்தருளுங்கள். பணிவுடன் கேட்பது முன்பு கேட்டதையேதான்: மழை ஓய்ந்து கணவாய் மூடுவதற்குள் தீவனக் கட்டிகளை மேலே கொண்டுபோய், ஈரம் ஏறாத கிடங்கில் அடுக்குங்கள். கிடங்கின் சாவி மாவட்ட அலுவலகத்தில் தொங்க வேண்டாம். பனிக்காலத்தில் அங்கேயே தங்கும் மேய்ப்பர் கையில் இருக்கட்டும்.