டேன் டியர்டார்ஃபுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சி வர்ணனையாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, ஆடி வர்ணனைக்கு வந்தவர்களுக்குப் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், டேன் டியர்டார்ஃபை மட்டும் ‘முன்வரிசையில் ஆடியவர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அவருடைய வர்ணனையின் பலமே அந்த முன்வரிசையிலிருந்து வந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

1949இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டனில் பிறந்த டியர்டார்ஃப், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரிடம் தேர்ந்து, 1971இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு வந்தார். அவருடைய இடம் தாக்குதல் வரிசையின் வலது ஓரம். பந்து கைக்கே வராத இடம் அது. குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குச் சில விநாடி அவகாசம் கிடைக்க வேண்டுமானால், பாய்ந்து வருபவனை நேருக்கு நேர் பார்த்தபடியே பின்வாங்கி, நெஞ்சில் கைகொடுத்து மறித்து, வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்தாலோ 10 யார்டு தண்டனை. சரியாகச் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. 1975 பருவத்தின் 14 ஆட்டங்களிலும் சேர்த்து, கார்டினல்ஸ் குவாட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்பட்டது எட்டே முறைதான். அன்று அது தேசியக் கால்பந்து லீக்கின் (என்எஃப்எல்) சாதனை. ஆனால், அந்த வரிசையில் நின்றவர்களின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

1979இல் முழங்கால் காயத்தால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்து, மீண்டு வந்து, பின்னர் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டராகவும் ஆடி, 1983இல் ஓய்வு பெற்றார். கட்டுரையைப் படிப்பவர்கள் அவர் நேரே ஏபிசி தொலைக்காட்சிக்குப் போனதாகவே எண்ணுவார்கள். செயின்ட் லூயிஸின் கேஎம்ஓஎக்ஸ் வானொலியும் சிபிஎஸ் தொலைக்காட்சியும்தான் அவரைப் பழக்கின. அதன் பிறகே, 1987இல், அல் மைக்கேல்ஸ், ஃபிராங்க் கிஃபோர்ட் ஆகியோருடன் திங்கள் இரவு ஆட்டங்களின் வர்ணனையில் அமர்ந்தார். கேமரா பந்தின் பின்னால் ஓட, அந்த ஓட்டத்துக்கு வழி திறந்தது எந்தத் தடுப்பு என்று மறுஒளிபரப்பில் காட்டிச் சொல்ல அவரைப் போன்ற ஒருவர் தேவைப்பட்டார். சில சமயம் அளவுக்கு மீறிப் பேசினார் என்பதை நானும் மறுக்கவில்லை. பத்திரிகைகள் அவரை அதற்காகக் கேலியும் செய்தன. 1998 பருவத்தோடு ஏபிசி அவரை விடுவித்தபோது சிபிஎஸ் மீண்டும் அழைத்துக்கொண்டது. 2013 பருவம் வரை அங்கேயே இருந்தார். விளையாட்டில் தேய்ந்த மூட்டுகளோடு வாராவாரம் பயணம் செய்ய முடியாமல்தான் அந்தப் பணியை விட்டார். சொந்த ஊரான கேன்டனிலேயே இருக்கும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் ஆட்டக்காரராக 1996இல் இடம்பெற்றவர், 2008இல் ஒளிபரப்புப் பணிக்கான பீட் ரோசெல் விருதையும் பெற்றார். இரண்டையும் பெற்றவர்கள் மிகச் சிலரே. கட்டுரையில் இதுவும் விடுபட்டிருக்கிறது.

2014 முதல் 2021 வரை அவர் மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்டங்களை வானொலியில் வர்ணித்தார். உடன் அமர்ந்த ஜிம் பிராண்ட்ஸ்டாட்டரும் அதே மிச்சிகன் அணியின் முன்வரிசையில் ஆடியவர்தான். அடுத்து இப்பொருளில் கட்டுரை வெளியிடும்போது இவர்களுக்கும், லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸின் தற்காப்பு வரிசையில் ஆடி என்பிசி தொலைக்காட்சி வர்ணனைக்கு வந்த மெர்லின் ஓல்சனுக்கும் உரிய இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்