பகலெல்லாம் தூங்கும் விமானம்

சிங்கப்பூர்
18 ஜனவரி 2026

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் போகிக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. நான்கு பக்கம் லாரியைப் பற்றி எழுதிவிட்டு, முழங்கால் அறுவைச் சிகிச்சையை மறுபடியும் தள்ளிப்போட்டதைக் கடைசியில் ஒரே வரியில் ஒளித்துவைத்திருக்கிறாய். பங்குனியில் ஊருக்கு வரும்போது அதைப் பற்றி உன் வீட்டில் வைத்தே பேசிக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு இன்னும் பதினான்கு மாதம். அதன் பிறகு ரிவெட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். காது ஏற்கெனவே பாதி போய்விட்டது. திருச்சி ரோட்டில் அப்பாவின் பாடி கட்டும் பட்டறையில் ஆணி அடிக்கப் பிடித்த கை, எங்கெங்கோ சுற்றி இன்னும் தகரத்தைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது.

நீ கேட்டிருந்த கேள்வியை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். “நல்ல விமானத்தைப் பிடித்து விலாவில் ஓட்டை போடச் சம்பளம் கொடுக்கிறார்களாம், அந்தப் பணத்துக்குப் புதிய சரக்கு விமானமே வாங்கினால் என்ன?” என்று எழுதியிருந்தாய். அடுத்த பத்தியிலேயே, மூன்று பழைய லாரிகளையும் தள்ளிவிட்டு இரண்டு புது வண்டி எடுக்கச் சொல்லி உன் மகன் நெருக்குவதையும் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே கேள்வி என்று உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா என்பது தெரியவில்லை.

பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றுவதுதான் எங்கள் கொட்டகையின் வேலை. முதலில் அந்த ஓட்டை போடும் கதையைச் சொல்கிறேன். பதினைந்து, பதினெட்டு வருடம் பயணிகளைச் சுமந்த ஏர்பஸ் ஏ321 ஒன்று கொட்டகைக்குள் வருகிறது. முதல் சில வாரங்கள் இடிப்பு வேலைதான். இருக்கை, மேல் பெட்டிகள், சமையல் பகுதி, கழிவறை எல்லாம் வெளியே போகும். தரைப் பலகையைத் தூக்கினால் விமானத்தின் உண்மையான வயது தெரிந்துவிடும். சமையல் பகுதிக்கும் கழிவறைக்கும் அடியில் காபியும் பழச்சாறும் இன்னதென்று சொல்ல விரும்பாத மற்றதும் வருடக்கணக்காகச் சொட்டி, அலுமினியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். அதைச் சுரண்டிப் பார்த்து, ஆழம் அளந்து, தேறாத துண்டை மாற்ற வேண்டும். இருக்கைத் தண்டவாளங்களின் இடுக்கில் நாலைந்து நாட்டுக் காசுகள் கிடக்கும். போன மாதம் ஒரு தோட்டின் திருகாணி கிடைத்தது. எந்தப் பெண் அதைத் தொலைத்துவிட்டு ஊர் போய்ச் சேரும்வரை புலம்பினாளோ!

அதன் பிறகுதான் வெட்டு. சேஸைத் தொடுவதற்கு முன் வண்டிக்கு முட்டுக் கொடுக்காமல் உன் ஆட்கள் கை வைப்பார்களா? இங்கேயும் அப்படித்தான். பல இடங்களில் தாங்கிகள் கொடுத்து, உடலில் எந்த இழுவிசையும் இல்லாதபடி விமானத்தை நிறுத்தி, அளவெடுத்து, அந்த அளவைத் திரும்பச் சரிபார்த்த பிறகே ரம்பம் எடுப்போம். பாரம் இருக்கும்போது வெட்டினால் சட்டம் மயிரிழை நகர்ந்துவிடும். அப்புறம் எத்தனை கதவு கொண்டுவந்து வைத்தாலும் பொருந்தாது. முன்பக்க இடதுபுறம், கண்டெய்னர் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் திறக்கும். வெட்டிய துண்டை ஜன்னல்களோடு அப்படியே இறக்கிச் சுவரில் சாய்த்துவைப்போம். தேநீர் இடைவேளையில் அதன் எதிரில்தான் உட்காருவேன். எத்தனையோ பேர் மேகம் பார்த்த ஜன்னலில் கொட்டகைச் சுவரின் சுண்ணாம்பு தெரியும்.

வாசல் திறந்தால் போதாது. உடல் என்பது காற்றடைத்த குழாய். அதில் இவ்வளவு பெரிய வெட்டு விழுந்தால் பாரமெல்லாம் வேறு வழியாகச் சுற்றிப் போக வேண்டும். எனவே வாசலைச் சுற்றிச் சட்டங்களைத் தடிப்பாக்கி, தரை விட்டங்களை வலுப்படுத்தி, ஹைட்ராலிக்கில் மேலெழும் கதவு மாட்டி, தரையில் உருளைகளும் பூட்டுகளும் வைக்கிறோம். ஜன்னல்களுக்கு அலுமினியத் தகடு. விமானி அறைக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர். தரையில் மோதினால் சரக்கு தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு விசையோடு முன்னால் பாய்ந்தாலும் தாங்க வேண்டும் என்பது அதற்கு விதி. தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்பாய். மேல்தளத்தில் தண்ணீரும் இல்லை, நுரையும் இல்லை. விமானிகள் பிராணவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு, மேல்தளத்துக்குப் போகும் காற்றை நிறுத்தி, அழுத்தத்தைத் திறந்துவிட்டு, நெருப்பை மூச்சுத் திணறவைத்தபடி பக்கத்து விமான நிலையத்துக்கு விரைவார்கள். பயணி இல்லாத விமானத்தில்தான் இந்த வைத்தியம் செல்லும்.

எல்லாம் முடிய மூன்று, நான்கு மாதம். ஏ321இன் மேல்தளத்தில் 14 கண்டெய்னர், வயிற்றில் 10, மொத்தம் 27 டன் சொச்சம். போயிங் 737-800ஐ மாற்றினால் 24 டன்னுக்குச் சற்றுக் குறைவாக ஏற்றலாம், ஆனால் அதன் வயிற்றில் கண்டெய்னர் நுழையாது; ஆள் குனிந்து உள்ளே போய்ப் பெட்டி பெட்டியாக அடுக்க வேண்டும். முட்டை லோடு ஏற்றிய உன் கிளீனர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

இனி பணம். 737 அளவில் இந்த மாற்று வேலைக்கு மட்டும் சுமார் 40 முதல் 50 லட்சம் டாலர். பழைய விமானத்தின் விலை தனி. “புதிது வாங்கினால் என்ன?” என்ற உன் கேள்வி இந்த அளவில் எழவே எழாது, ஏனென்றால் போயிங்கும் ஏர்பஸ்ஸும் இந்த அளவில் புதிய சரக்கு விமானம் இன்று கட்டுவதில்லை. வேண்டுமென்றால் பழையதை வெட்டித்தான் ஆக வேண்டும். பெரிய விமானத்தில்தான் உண்மையான போட்டி. புதிய 777 சரக்கு விமானத்துக்கு 2019இல் போயிங் போட்ட பட்டியல் விலை 35 கோடி டாலருக்குச் சற்று அதிகம். பட்டியல் விலையில் எவனும் வாங்குவதில்லை என்பது வேறு கதை. பழைய 777-300இஆர் ஒன்றை மாற்றும் கூலி சுமார் மூன்றரைக் கோடி டாலர் என்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் பழையதுதான் லாபம் என்று சொல்லத் தோன்றும். அப்படியும் இல்லை. அந்த விமானம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வானத்தில் இருக்கப்போகிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷனை எடுத்துக்கொள். 2006 முதல் அவர்கள் ஓட்டும் போயிங் 757கள் ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றியவை. பிற்பாடு சேர்த்த 737-800களும் அப்படியே. கூரியர் விமானத்துக்கு ராத்திரிதான் வேலை. மாலையில் பார்சல் சேரும், நள்ளிரவில் பறக்கும், விடிவதற்குள் இறங்கிவிடும். பகலெல்லாம் தூக்கம். தூங்குகிற விமானத்துக்கும் கடன் கட்ட வேண்டும், வட்டி தூங்காது. நாளைக்கு நான்கு மணி நேரம் மட்டுமே பறக்கும் விமானம் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் குடித்தால் என்ன, முதல் குறைவாக இருந்தால் போதும். அதே விமானம் நாளைக்குப் பதினான்கு மணி நேரம் பறக்குமானால் எரிபொருளும் பழுதும் கழுத்தைப் பிடிக்கும். அப்போது புதிதுதான் மலிவு.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்கக் கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் ஒரே காலத்தில் இரண்டையும் செய்தது. அமெரிக்காவுக்குள் ஓடிய பழைய 727களுக்குப் பதிலாக, பயணிகளை ஏற்றிய 757களை வாங்கி மாற்றிக்கொண்டது. ஆசியாவுக்குப் போய்வர 2009 முதல் புத்தம் புதிய 777 சரக்கு விமானங்களை வாங்கியது. அதற்கு முன் ஓட்டிய எம்டி-11 விமானம் வழியில் அலாஸ்காவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போகும். 777 ஷாங்காயிலிருந்து அமெரிக்காவின் மெம்ஃபிஸுக்கு நிற்காமல் பறந்ததால், சீனாவில் மாலையில் சரக்கு வாங்கும் கெடுவைத் தள்ளிவைக்க முடிந்தது. அந்த இரண்டொரு மணி நேரத்துக்காகத்தான் வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. இப்போது விமானத்தில் போவதில் ஒரு நல்ல பங்கு, வீட்டிலிருந்தே வாங்கும் சட்டை, செருப்பு, பொம்மை. இவை எடையில்லாமல் இடத்தை அடைக்கும் சரக்கு. பஞ்சு லோடு மாதிரி. 777-300இஆரை மாற்றினால் புதிய 777 சரக்கு விமானத்தைவிடக் கால் பங்கு இடம் அதிகம். எடை இரண்டுக்கும் ஏறத்தாழ 100 டன்தான். தூரம் மட்டும் புதியதற்குச் சற்று அதிகம். இந்தச் சரக்குக்குப் பழைய நீள உடல்தான் வாகு. ஆனால் எண்ணெய்க் கிணற்றுக்குக் குழாய் ஏற்றுகிறவனுக்கு இது எதுவும் உதவாது. அவனுக்கு மூக்கைத் தூக்கித் திறக்கும் 747 வேண்டும். மூக்குக் கதவு சரக்கு விமானமாகவே பிறந்ததற்குத்தான் உண்டு, மாற்றியதற்குக் கிடையாது. 747 வரிசையின் கடைசி விமானமும் 2023 ஜனவரியில் அட்லஸ் ஏர் என்ற சரக்கு விமான நிறுவனத்துக்குப் போய்விட்டது.

பழையது மலிவு என்று ஊரே ஓடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். கொரோனா காலத்தில் பயணிகள் விமானங்கள் தரையில் கிடந்தபோது, எங்கள் கொட்டகையில் வரிசை கட்டி நின்றன. பிறகு பயணிகள் திரும்பினார்கள். புதிய 777எக்ஸ் வருடக்கணக்காகத் தள்ளிப்போவதால் பழைய 777ஐ யாரும் கைவிட மாட்டேன் என்கிறார்கள். எஞ்சின் தட்டுப்பாட்டில், பழைய ஏ321ஐ முழுசாக விற்பதைவிட எஞ்சினைக் கழற்றி விற்றால் அதிகம் கிடைக்கிற நிலை. வெட்ட விமானம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மாற்றிய விமானம் பறக்கலாம் என்று அரசு தரும் அனுமதிச் சீட்டோ அதைவிட மோசம். இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் நிறுவனம் 777-300இஆர் மாற்றத்தை 2019 அக்டோபரில் அறிவித்தது. அமெரிக்க அனுமதி 2025 ஆகஸ்டில்தான் கிடைத்தது. அதுவரை பணம் போட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். எங்களிடமே ஒரு விமானம், வேலையெல்லாம் முடிந்தும் ஒரு காகிதத்துக்காக மழையிலும் வெயிலிலும் நின்றது. லாரிக்குத் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி. காட்டப் போய்த் திரும்பி வந்த உன் அனுபவத்தை இதோடு நூறால் பெருக்கிக்கொள்.

புதிது வாங்குகிறவனுக்கும் சுகமில்லை. 767 சரக்கு விமானக் கட்டுமானத்தை 2027இல் நிறுத்தப்போவதாகப் போயிங் சொல்லிவிட்டது. ஏர்பஸ்ஸின் ஏ350 சரக்கு விமானம் 2027 பிற்பாதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. போயிங்கின் புதிய 777-8 சரக்கு விமானம் அதற்கும் பின்னால்.

ஆனாலும் புதிது வாங்கி ஆயுசுக்கும் வைத்துக்கொள்கிற கட்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்காவின் இன்னொரு கூரியர் நிறுவனமான யூபிஎஸ் 1987இல் புதிதாக வாங்கத் தொடங்கிய 757கள் முப்பத்தைந்து வருடம் தாண்டியும் பறந்தன. முதல் நாளிலிருந்து ஒரே கை பராமரித்த வண்டிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

அதே யூபிஎஸ்ஸின் எம்டி-11 ஒன்று போன நவம்பர் 4ஆம் தேதி அமெரிக்காவின் லூயிவில்லில் மேலெழும்போது, இடது எஞ்சின் அதன் தாங்கியோடு பிய்ந்து விழுந்து, விமானம் எரிந்துபோனது. 1991இல் தாய் ஏர்வேஸ் பயணிகளுக்காகப் பிறந்து, பிறகு சரக்குக்கு மாறிய விமானம். எஞ்சின் தாங்கியின் இணைப்பில், திரும்பத் திரும்ப விசை தாங்கி உலோகம் களைத்து விழுந்த விரிசல்கள் இருந்ததாக விசாரணையாளர்கள் சொன்னார்கள். அன்று எங்கள் கொட்டகையில் யாரும் அதிகம் பேசவில்லை. மாற்று வேலையில் எஞ்சின் தாங்கியை நாங்கள் தொடுவதே இல்லை. கதவு புதிது, தரை புதிது, உருளை புதிது; இறக்கையும் தாங்கியும் தங்கள் வயதோடு அப்படியேதான் இருக்கின்றன. வாங்குகிறவன் கதவின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், அந்த வயதுக்கு உரிய சோதனைச் செலவையும் விலையோடு சேர்த்துக் கூட்ட வேண்டும். சேர்க்காமல் “பாதி விலை” என்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது உன் மகனின் பேச்சுக்கு வருகிறேன். தில்லி லைனுக்கு ஓடும் வண்டியைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி. அது வாரக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது, வழியில் நின்றால் லோடும் போகும் பேரும் போகும். ஆனால் கோழித் தீவனம் ஏற்றி நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் நடுவே காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை அடிக்கிற வண்டிக்கு எதற்கு மாதாமாதம் டியூ? மீதி நேரம் அது வேப்பமரத்தடியில்தானே நிற்கிறது? மூன்றையும் ஒரே தராசில் போட்டு விற்காதே.

ஒரு வேலை செய். ஆறு மாத டீசல் பில்லை எடுத்து, ஒவ்வொரு வண்டியும் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பட்டறையில் எத்தனை நாள் கிடந்தது என்று தனித்தனியாக எழுதிவை. ஞாபகத்திலிருந்து எழுதாதே, உன் ஞாபகத்தில் எல்லா வண்டியும் பத்தாயிரம் ஓடும். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுவேன். அதுவரை தரகரிடம் முன்பணம் வாங்கிவிடாதே. எலும்பு மருத்துவர் கொடுத்த சீட்டையும் அந்தப் பில் கட்டோடு சேர்த்து வை. தங்கச்சியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வேன்.

உன்
முத்துக்குமார்