வாட்ச் ரூம் போன்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. தாம்பரத்தில் அத்தனை நாள் ஓடி, ஏணி ஏறி, ஆளைத் தோளில் தூக்கி இறங்கித் தீயணைப்புப் பயிற்சி முடித்த உன் பையனை, ஸ்டேஷனுக்கு வந்த மூன்றாம் மாதமே வாட்ச் ரூமில் போன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்களாம், அவன் "இதுக்கா இவ்வளவு ஓடினேன்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறானாம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். கிணற்றில் விழுந்த எருமையைத் தூக்கப் போய் என் முட்டி பிசகியது உனக்கு ஞாபகம் இருக்கும். சரியாகிறவரை போனைப் பார்த்துக்கொள் என்றார்கள். முட்டி இன்றுவரை சரியாகவில்லை, 19 வருஷம் அந்த நாற்காலியிலேயே போய்விட்டது.

101 அடிக்கிற ஆள் எல்லாவற்றையும் சொல்வான், இடத்தை மட்டும் சொல்லமாட்டான். "சார் எரியுது சார், சீக்கிரம் வாங்க சார்", டொக். வைத்துவிடுவான். அந்தக் காலத்துப் போனில் யார் அடிக்கிறார் என்று நம்பர் தெரியாது, அதனால் முதலில் நம்பரை வாங்கிக்கொண்டு நாமே திரும்ப அடித்து நிஜமா விளையாட்டா என்று பார்க்க வேண்டும். இப்போது எல்லா அவசரத்துக்கும் 112 வந்து, அடிப்பவர் எங்கே இருக்கிறார் என்பது ஓரளவு திரையிலேயே தெரிகிறதாம். சரி, நல்லதுதான். ஆனால் நெருப்பு ஒரு பக்கம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்பவன் அரை மைல் தள்ளி மொட்டை மாடியில் நிற்பான்.

ஒரு தடவை ஒரு ரூபாய் போனிலிருந்து ஒரு பையன், எட்டு ஒன்பது வயசுக் குரல். "அண்ணா, வைக்கப்போர் எரியுது." எந்த ஊர்ப்பா? "எங்க ஊருதான்." எந்தத் தெரு? "எங்க தெரு." இன்னொரு தடவை கேட்டால் அழுதுவிடுவான் போல இருந்தது. அப்புறம் கேள்வியை மாற்றினேன். ஸ்கூலுக்கு எப்படிப் போவே? "நடந்துதான்." வழியில என்ன வரும்? "பாலம் வரும், அதுலேர்ந்து குதிச்சுக் குளிப்போம்." பாலத்துப் பக்கத்துல? "ஐயனார் கோயில் குதிரை. ஒரு காது இருக்காது." காது உடைந்த குதிரை எந்த ஊரில் நிற்கிறது என்று டிரைவருக்குத் தெரியும். மணியை அடித்துவிட்டேன்.

இடத்துக்கு அடுத்தது, என்ன எரிகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது. வைக்கோல் போர் என்றால் வண்டியில் இருக்கும் 4,500 லிட்டர் எந்த மூலைக்கு? குளம் இருக்கிறதா, மோட்டார் கொட்டகை இருக்கிறதா என்று அதே மூச்சில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேஸ் வாடை என்றால் வண்டி கிளம்புகிற நேரத்திலேயே லைனில் இருக்கும் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்: சுவிட்சைத் தொடாதீங்க, போடவும் வேணாம் அணைக்கவும் வேணாம், கதவைத் திறந்து விட்டுட்டு எல்லாரும் வெளியில வாங்க. ஏப்ரல் 14 அன்று ஸ்டேஷனில் மலர்வளையம் வைக்கிறோமே, அது 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் இறந்த 66 தீயணைப்புக்காரர்களுக்கு. அந்தக் கப்பலில் பஞ்சுப் பொதியும் இருந்தது, வெடிமருந்தும் இருந்தது. உன் பையனை அதை ஒருமுறை நினைத்துப் பார்க்கச் சொல், "பக்கத்தில் என்ன" என்று கேட்க மறக்கமாட்டான்.

பாஷையும் தெரிய வேண்டும், மாப்ளே. டவுனில் வளர்ந்த ஒரு புதுப் பையன் ராத்திரி போன் எடுத்தான். ஒரு பாட்டி, "அடுப்பங்கரையில பூச்சி வந்துருக்குய்யா" என்கிறாள். இவன் "மருந்து அடிங்க பாட்டி" என்று சொல்லி வைத்துவிட்டான்! ராத்திரியில் பாம்பு என்று வாயால் சொல்லமாட்டார்கள் என்பது அவனுக்கு எங்கே தெரியும். நல்லவேளை, பாட்டி மறுபடி அடித்து, என்னிடம் பேசி, அவனை வைத வசவு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

வண்டி போன பிறகுதான் நமக்குப் பாடு. ஸ்டேஷன் காலி, போனும் நாமும் மட்டும். "இன்னும் வரல, தூங்குறீங்களா" என்று அதே நெருப்புக்குப் பத்துப் போன் வரும். ரயில்வே கேட்டில் வண்டி நிற்கிறது என்றால் யார் நம்புவார்கள்? குரலை உயர்த்தாமல் பத்துப் பேருக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு, நடுவில் மின்வாரியத்துக்கும் 108-க்கும் சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரில் நேரத்தையும் எழுத வேண்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒருநாள் "புதுத்தெரு" என்றார்கள். தெரிந்த தெரு என்ற தெம்பில், எந்த ஊர்ப் புதுத்தெரு என்று கேட்காமல் வண்டியை அனுப்பிவிட்டேன். நம் பக்கத்தில் ஊருக்கு ஒரு புதுத்தெரு. திருப்பி அனுப்பியதில் கால் மணி நேரம் போனது. கொட்டகையில் கட்டிப் போட்டிருந்த இரண்டு பசு போய்விட்டது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, ரிஜிஸ்டரில் என் கையெழுத்திலேயே இருந்தது. அந்த வாரம்தான் ஒரு நோட்டு வாங்கினேன். லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒரே பேர் உள்ள தெருக்கள், வண்டி நுழையாத சந்துகள், கோடையிலும் தண்ணீர் நிற்கும் குளங்கள், ராத்திரி திறந்திருக்கும் டீக்கடைகள் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். மூன்று நோட்டு ஆனது. உன் பையனுக்கு அது உதவாது, அவன் ஊர் வேறு. ஒரு நோட்டு வாங்கிக் கொடு, சைக்கிள் வேண்டாம், பைக்கிலேயே சுற்றட்டும்.

கத்திரி முடிந்ததும் நீ ஒருநடை வந்து போ. பஸ்ஸில் பழைய டூரிங் கொட்டாய் ஸ்டாப் என்று கேள். கொட்டாயை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிப் பல வருஷம் ஆயிற்று, ஆனால் மண்டபத்தின் பேரைச் சொன்னால் கண்டக்டருக்குத் தெரியாது.

அன்புடன்,
உன் மச்சான்