கப்பலை விலக்கியவர் நீங்கள் இல்லையே

மதிப்பிற்குரிய கேரிங்டன் பிரபு அவர்களுக்கு,

உங்கள் பெயரை எடுத்தாலே, பொறுப்பேற்றுப் பதவி விலகிய கனவான் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. 2018 ஜூலையில், 99 வயதில் நீங்கள் மறைந்தபோதும் அப்படித்தான். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. நீங்கள் இல்லாத இந்த நேரத்தில் கேட்டு என்ன பயன் என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

1982 ஏப்ரல் 2 அன்று, பிரிட்டன் ஆண்டுவந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. அப்போது நீங்கள் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர். தென் அட்லாண்டிக்கில் பிரிட்டனின் ரோந்துக் கப்பல் 'என்டியூரன்ஸ்'. செலவைக் குறைக்க அதை விலக்கிக்கொள்வதாக முந்தைய ஆண்டே அறிவித்தது பாதுகாப்பு அமைச்சகம். பிரிட்டனுக்கு அந்தத் தீவுகள் மீது அக்கறை இல்லை என்று அர்ஜென்டினா நினைக்க அது இடம் கொடுத்தது. கப்பலை விலக்க வேண்டாம் என்று பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் என்பவருக்கு எழுதியவர் நீங்கள், அதுவும் ஒருமுறை அல்ல. கடைசியில் ஏப்ரல் 5 அன்று வெளியேறியவரும் நீங்களே. பாதுகாப்பு அமைச்சரும் ராஜினாமா செய்ய முன்வந்தார், பிரதமர் தாட்சர் விடவில்லை. உங்களையும் இருக்கும்படிதான் கேட்டார். விமர்சனங்களில் பெரும்பகுதி ஆதாரமற்றது, ஆனால் ஃபாக்லாந்து கொள்கையை நடத்தியவன் நான் என்று கடிதத்தில் எழுதிவிட்டுக் கிளம்பினீர்கள்.

இங்கேதான் 1954 எனக்கு நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் டார்செட்டில் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கர். குண்டு வீசிப் பழக 1938-இல் அரசு எடுத்துக்கொண்ட நிலம். தேவை தீர்ந்த பிறகும் பழைய உரிமையாளர்களிடம் அது திரும்பவில்லை. அந்தச் சர்ச்சையில் விவசாய அமைச்சர் டக்டேல் பதவி விலகினார். அவருக்குக் கீழே இளநிலை அமைச்சராக இருந்த நீங்களும் விலக முன்வந்தீர்கள், பிரதமர் சர்ச்சில் ஏற்கவில்லை. அன்று 'இருங்கள்' என்றதும் இருந்துவிட்டீர்கள். 28 ஆண்டுகள் கழித்து அதே சொல் உங்களைத் தடுக்கவில்லை. அந்தப் பழைய பாக்கி மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததா?

அல்லது உறுத்தியது இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தின் நைமேகன் பாலமா? 1944 செப்டம்பர் 20 மாலை, கிரெனடியர் காவல் படையின் டாங்கிகள் வால் நதியைக் கடந்தபோது, அவற்றோடு போன 25 வயது கேப்டன் நீங்கள். அதற்காகத்தான் ராணுவச் சிலுவைப் பதக்கம். அப்பாலத்துக்கு அப்பால், ஏறக்குறைய 18 கிலோமீட்டரில், ஆர்னெம் நகரில் பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். டாங்கிகள் அன்றிரவு நகரவில்லை. அந்தப் பாலத்தைப் பிடிக்கத் துணித்தோணிகளில் நதியைக் கடந்து பாதிப் பேரை இழந்திருந்த அமெரிக்கர்கள் கொதித்துப்போனார்கள். இருட்டில், காலாட்படைத் துணையின்றி, விரல்விட்டு எண்ணக்கூடிய டாங்கிகளோடு கரைமேட்டுச் சாலையில் போயிருந்தால் அத்தனையும் எரிந்திருக்கும் என்பதே என் எண்ணம். ஆனால் கோபத்தோடு கேட்டவர்களிடம் அந்தக் கணக்கு எடுபடவில்லை.

ஜிம்பாப்வே விடுதலைக்கான லங்காஸ்டர் மாளிகைப் பேச்சும், நேட்டோ பொதுச்செயலாளர் பதவியும், யூகோஸ்லாவியா சமாதான முயற்சியும் வேறு கடிதத்துக்கு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1983 ஜனவரியில், ஃபாக்லாந்து விவகாரத்தை விசாரித்த ஃபிராங்க்ஸ் குழு, படையெடுப்புக்கு அரசைக் குறை சொல்ல முடியாது என்று அறிக்கை தந்தது. ஒன்பது மாதம் காத்திருந்தால் நாற்காலி உங்களுடையதாகவே இருந்திருக்கும். அறிக்கை வந்த அன்று, 'என்டியூரன்ஸ்' பற்றி எழுதிய அந்தக் கடிதங்களின் நகல் உங்கள் மேசையில் இருந்ததா?

இப்படிக்கு,
உங்களை ஒருபோதும் சந்திக்காத ஒரு வாசகன்