இந்தியான்னு சொன்னா அந்தப் பாட்டி நம்பல

டேய் மாப்ள,

பதில் போட லேட் ஆயிருச்சு, திட்டாத. அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு, ஆபரேஷனுக்கு தேதி குடுத்துட்டாங்களா?

மெக்சிகோ வந்து ரெண்டு வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் போன நவம்பர்லதான் தெரிஞ்சுச்சு. என் பக்கத்து சீட்டுக்காரர், அதான் என் தயிர்சாதத்துல பங்கு கேப்பாரே, கல்லறைத் திருநாள் லீவுக்கு அவர் ஊருக்குக் கூட்டிட்டுப் போனார். கெரேரோ மாநிலத்துல பசிபிக் கரையோரம், குவாஹினிகுயிலாபான்னு பேரு, வாய்ல நுழையாதுன்னு அவங்களே குவாஹின்னுதான் சொல்றாங்க. எங்க பார்த்தாலும் கருப்பு நிறம், சுருட்டை முடி. ஸ்பெயின்காரன் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா பிடிச்சிட்டு வந்தவங்களோட வம்சம், நானூறு வருஷம் கிட்ட ஆச்சு.

ஆனா இவரை வெளியூர்ல பாக்குறவன் எல்லாம் கியூபாவான்னுதான் கேப்பானாம். ஒரு தடவை பஸ்ஸ நிறுத்தி செக் பண்ணினவன் ஐடி காட்டியும் நம்பாம தேசிய கீதம் பாடச் சொல்லியிருக்கான்டா! நடுரோட்டுல நின்னு பாடியிருக்கார். அங்க நிறைய பேருக்கு இந்தக் கதை இருக்கு. இத்தனைக்கும் 1829ல மெக்சிகோவுல அடிமை முறைய ஒழிச்ச ஜனாதிபதி விசென்தே கெரேரோவே ஆப்பிரிக்க வம்சம்தான், அவர் பேருதான் மாநிலத்துக்கே வச்சிருக்காங்க. (நம்ம ரெண்டு பேரையும் பாடச் சொன்னா தப்பில்லாம முடிப்போமா, யோசி.)

2019லதான் அரசியல் சட்டத்துல இவங்க பேரே வந்துச்சு, 2020 சென்சஸ்ல கேட்டப்ப 25 லட்சம் பேருக்கு மேல ஆமா, நாங்க ஆஃப்ரோமெக்சிகானோ, அதாவது ஆப்பிரிக்க வம்சத்து மெக்சிகோக்காரங்கன்னு சொல்லியிருக்காங்க. அவரோட அம்மா மட்டும் "நாங்க மொரேனோ, இது என்ன புதுப் பேரு"ன்னு முறைச்சிச்சாம் (மொரேனோன்னா கருப்பு நிறத்தவங்கன்னு அர்த்தம்), இவர்தான் எழுது எழுதுன்னு சொல்லி எழுத வச்சிருக்கார்.

ராத்திரி பிசாசு ஆட்டம். கொம்பு, குதிரை முடியில தாடி வச்ச முகமூடி, கழுதைத் தாடை எலும்ப தட்டி அதுலயும் தாளம், நம்ம கூத்து மாதிரியே ஒரு ஆம்பள பொம்பள வேஷம் கட்டி பொம்மைக் குழந்தையத் தூக்கிட்டு எல்லாரையும் வம்பிழுக்குறான். ஆபீஸ்ல எக்செல்ல இருந்து தலைய நிமித்தாத மனுஷன், குனிஞ்சு தரைய மிதிச்ச மிதில புழுதி கெளம்பிருச்சு. ஆடி முடிச்சு முகமூடிய கழட்டினப்ப அப்படி ஒரு சிரிப்பு, ஆபீஸ்ல ஒரு நாள் கூட பார்த்ததில்ல.

பக்கத்துல இருந்த பாட்டி என்னைப் பார்த்து எந்த வீட்டுப் பையன்னு கேட்டுச்சு. இந்தியான்னேன். சும்மா கதை விடாதன்னு சொல்லி தட்டுல இன்னொரு தமாலே (சோள மாவுக் கொழுக்கட்டை மாதிரி) வச்சிருச்சு. அவர் நாலடி தள்ளி நின்னு விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

கிளம்பும்போது ஒரு முகமூடி குடுத்தார், ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன், வீட்டுக்காரி ராத்திரி தண்ணி குடிக்கக் கூட கிச்சன் பக்கம் போக மாட்டேங்குறா. ஏப்ரல்ல ஊருக்கு வர்றேன், டிக்கெட் போட்டதும் சொல்றேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்